ஒரு கட்டம் தள்ளி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் இன்னும் என் பேச்சைக் கேட்கின்றன. முழங்கால் தனிக்குடித்தனம் போய்விட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுது. "இருக்கிறேன்" என்று மட்டும் எழுதாதே. இருக்கிறாய் என்பது எனக்கே தெரியும்.

உன் மனைவி போய் எட்டு மாதம் ஆகப்போகிறது. ஆறுதல் வாக்கியம் அமைப்பது எனக்குக் கைவராத கலை. ஆயுள் முழுவதும் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பித்தவளிடம் நீயும் அதை எதிர்பார்க்க மாட்டாய். ஆகவே வேறு செய்தி சொல்கிறேன்.

சதுரங்கப் புதிர்களுக்கென்றே ஒரு காலாண்டிதழ் வருகிறதே, அவர்கள் புதிய புதிர் அமைக்கும் போட்டி ஒன்றை நடத்தி, என்னை நடுவராக்கியிருக்கிறார்கள். முந்தைய நடுவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டதாம். எனக்குத் தெரிகிறது. இதைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் கேட்கப்படவில்லை. அனுப்பியவர்களின் பெயர்களை ஆசிரியர் உறையிலிட்டு ஒட்டிவிட்டு, கட்டங்களை மட்டும் தாளில் வரைந்து கொடுத்தார். எல்லாப் புதிருக்கும் ஒரே நிபந்தனை. வெள்ளை முதலில் நகரும்; கறுப்பு எதைச் செய்தாலும் வெள்ளையின் இரண்டாவது நகர்வில் கறுப்பு ராஜா வீழ வேண்டும். விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொரு விடையும் இருந்துவிட்டால் அது உடைந்த புதிர்; குப்பைக்கூடைக்குப் போகலாம்.

வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் ராணியைத் தூக்கி எதிரியின் வாயில் எறிகிறார்கள். எறிந்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கிறார்கள். கற்பனை என்பது பெரிய சத்தம் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் வேறு ரகம். அதில் ராணி பலகையின் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். யாரையும் மிரட்டவில்லை, எதையும் வெட்டவில்லை. கறுப்பு அசையாமல் இருந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தன் முறை வந்தால் நகர்ந்தே ஆகவேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. எந்தக் காயை நகர்த்தினாலும் அந்த நகர்வே தன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது. இத்தனை அமைதியாக ஒரு கழுத்தை நெரிக்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தாளை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒத்தையா உக்காந்து யாரோட சண்டை போடறீங்க?" என்றாள். "சண்டையே இல்லம்மா, அதான் அதிசயம்" என்றேன். ஒன்றும் புரியாமல் வாடகையை நினைவூட்டிவிட்டுப் போனாள்.

முதல் பரிசு அதற்குத்தான். நீ புதிர் அமைப்பவன் அல்ல, விடை காண்பவன். எந்தப் புதிரின் ஓட்டையும் உன் கண்ணுக்குத் தப்பியதில்லை. இதழ் வந்ததும் அனுப்புகிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. சாப்பிட்டதாக எனக்கு எழுதுவது சாப்பிட்டதற்கு ஈடாகாது.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். என் உடம்பு பரவாயில்லை. எடை குறைந்திருப்பதாக ஆபீசில் சொன்னார்கள். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டேன்.

வேலை வழக்கம்போல. இந்த மாதம் ஓர் ஆஸ்பத்திரி, இரண்டு ஓட்டல், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து மேல்மாடி வரை போய், கம்பிவடத்தைத் தொட்டுப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இல்லாத லிஃப்டைப் பார்த்து வெகுநாள் ஆகிறது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது.

நடுவராக ஒப்புக்கொண்டது நல்லது. அந்த மூலைக்குப் போகும் ராணியைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் சரியாகத்தான் பார்த்திருப்பீர்கள்.

குளிர் காற்றில் வெளியே போகாதீர்கள்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். வீட்டுக்காரம்மாவின் வெந்நீர்ப் பாத்திரம் ஓட்டையானதுதான் கண்ட பலன். உன் பெல்ட்டில் இனித் துளை போட இடமில்லாமல் போகும் முன் சாப்பிடத் தொடங்கு.

நேற்று ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, உறையைப் பிரிச்சேன். முதல் பரிசு யாருக்குன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

"எந்தத் தம்பிக்கு?"

"ஏம்மா, உங்களுக்கு எத்தனை தம்பிங்க?"

நியாயமான கேள்வி. ஒருவன்தான். அந்த ஒருவன், நான் ஒரு பக்கம் முழுக்க அவனுடைய புதிரையே அவனிடம் வர்ணித்து எழுதியும், "சொல்வதற்கு ஒன்றும் இல்லை" என்று பதில் போடுகிறவன். முன்கூட்டியே நீ சொல்லியிருக்கலாம் என்று குறைப்பட மாட்டேன். சொல்லியிருந்தால் அந்தக் கணமே தூக்கி எறிந்திருப்பேன். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். பெயர் மறைத்து நடந்த போட்டி என்பதால் உறவு தடையில்லை என்று ஆசிரியர் முடிவு சொல்லிவிட்டார்.

இனி உள்ளது ஒரே ஒரு சடங்கு. முடிவை அறிவித்தபின் மூன்று மாதம் ஆட்சேபத்துக்காகத் திறந்து வைப்பது இந்த உலகத்தின் வழக்கம். புதிர் உடைந்தது என்றோ, இதே புதிர் முன்பே வேறொருவர் பெயரில் அச்சாகியிருக்கிறது என்றோ யாராவது காட்டினால் பரிசு போய்விடும். ஜூன் நடுவில் கெடு முடிகிறது. அதுவரை தப்பித்தால் சான்றிதழும், இதழின் அட்டையில் உன் புதிரும் பெயரும் உனக்கு நிலைக்கும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வாழ்நாளில் ஒரு புதிர்கூட அமைக்காதவன் அறுபதை நெருங்கும்போது இதை எப்படிச் செய்தாய்? பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே, சந்தேகமாக எடுத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படி இருக்க வேண்டும்.

எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையின் மறுபாதி காலியாக இருந்தது. வெறுமனே கிடக்க வேண்டாம் என்று பலகையை விரித்தேன். ஆட ஆள் இல்லை. புத்தகத்தில் உள்ள புதிர்களுக்கு விடை பார்க்கவும் தோன்றவில்லை. விடை என்று ஒன்று இருக்கிறது என்பதே அலுப்பாக இருந்தது. காய்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கை போன போக்கில் வைத்தேன். சில காய்கள் வைத்த இடத்திலேயே இருந்தன; சிலவற்றை மாற்றினேன். பல வாரம் அப்படிப் போயிற்று. சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். நான் அமைப்பதாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒன்றின்மேல் போர்த்திய துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது போல இருந்தது.

ஒரு சிப்பாய் மட்டும் இடம் கொள்ளவில்லை. முதலில் அதைப் பக்கத்துக் கட்டத்தில்தான் வைத்தேன். கை தானாக அங்கேதான் போயிற்று. ஆனால் அங்கே நின்றால் யானை வழியாக இன்னொரு விடையும் திறந்துகொண்டது. ரொம்ப நாள் அதை அங்கேயே விட்டிருந்தேன், மாற்ற மனம் வரவில்லை. ஒரு காலையில் ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். மூடிக்கொண்டது. அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

ஆபீசில் தெரிந்துவிட்டது. என்னோடு வரும் மெக்கானிக், "சார், செஸ்ல ஜெயிச்சீங்களாமே, எப்ப விருந்து?" என்றார்.

"ஜெயிக்கல. புதிர் அமைச்சேன்."

"எதிராளி யாரு சார்?"

"யாரும் இல்ல."

"அப்ப ஜெயிக்கறது சுலபந்தானே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் அடுத்த இதழுக்கு இன்னொன்று கேட்டிருக்கிறார். முடியும் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் காலையில் எழுந்தால், இன்றைக்கு என்ன வேலை என்று ஆபீஸ் காகிதத்தைப் பார்க்காமலேயே நினைவு வருகிறது. இதற்கு முன் அப்படி இல்லை.

முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

காட்டினேன். வயது என்றார். அதற்குக் கட்டணமும் வாங்கினார். நீ நலம் என்று எழுதியிருந்தாய். இந்த முறை நம்பினேன். அதனாலேயே இந்தக் கடிதத்தைத் தொடங்கப் பல நாள் எடுத்துக்கொண்டேன்.

அட்டைப்படத்தின் அச்சுப் படியைப் பிழை பார்க்க அனுப்பியிருந்தார்கள். எண்ணெய்க் காகிதம் போன்ற மெல்லிய தாள். பார்த்து முடித்து மேசைமேல் போட்டபோது அது குப்புற விழுந்தது. கட்டங்கள் பின்புறமாகத் தெரிந்தன. இடது வலதாக, வலது இடதாக. எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அது என்னுடையது.

பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த ஆண்டு நான் ஒரு புதிர் அமைத்தேன். மாணவர் மலரில் அச்சாயிற்று. ராணி மூலைக்குப் போவாள், மற்றவையும் அப்படியே. இப்போது நீ அனுப்பியது அதன் இடம்வலம் மாறிய வடிவம். அப்போது உனக்கு ஒன்பது வயது. காய்ச்சலில் விழுந்து வாரக்கணக்கில் என் அறைக் கட்டிலில் கிடந்தாய். என் மேசை அலமாரிக் கண்ணாடிக்கு எதிரில். நீ எனக்குப் பின்னால். உனக்கு நேராகத் தெரிந்தது என் முதுகு. பலகையைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்க முடியும். கண்ணாடியில் கண்டதை வெள்ளைக் காய்களின் பக்கமாகத் திருப்பி வைத்தால் இடம் வலமாகிவிடும். நீயே ஒரு காகிதத்தில் வரைந்து பார். அம்மா வாசலில் நின்று, "பிள்ளைக்கு மருந்து குடுக்காம பொம்மையோட என்னடி உக்காந்திருக்கே?" என்று கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. புதிர்தான் மறந்துபோயிற்று. நீயோ கத்தலை மறந்துவிட்டுப் புதிரை வைத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ திருடவில்லை. இதை எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நடந்தது இன்னும் கேவலமானது. தகுதி பார்த்து, பெயர் மறைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் எனக்கே முதல் பரிசு கொடுத்திருக்கிறேன். என்ன ரசனை, எத்தனை நடுநிலை!

இடம்வலம் மாறினால் வேறு புதிர் ஆகாது என்பது விதி. வேறுபாடு ஒன்றே ஒன்று: என்னுடையதில் அந்தச் சிப்பாய் ஒரு கட்டம் பக்கத்தில் நின்றது. அது பொருட்டல்ல.

அந்தப் புதிருக்குப் பின் நான் எதையும் அமைக்கவில்லை. உனக்கு இது தெரியாது. குறையில்லாத ஒன்றைச் செய்துவிட்டோம், இதோடு நிறுத்திக்கொள்வதே அழகு என்று அன்று முடிவு செய்தேன். இருபத்திரண்டு வயதில் எடுக்கும் முடிவுகள் அப்படித்தான் இருக்கும். நான் அதை இதுவரை கடைப்பிடித்ததுதான் விசேஷம்.

நடுவர் என்ற முறையில் நானே ஆட்சேபம் எழுதியாக வேண்டும். ஆசிரியருக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்கு எழுதுகிறேன். பதில் போடு. மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது.

அக்கா


மே 12

தம்பிக்கு,

உடல்நலம் விசாரித்து எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை என்றால் உடல்நலம் சரியில்லை என்று கொள்ளலாம். அல்லது கோபம் என்று கொள்ளலாம். உனக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் நல்லதுதான், எழுது. வசவாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.

தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உன் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். "சார் தெனமும் வர்றாரும்மா. வேலையெல்லாம் சரியாத்தான் செய்றாரு. பேசறதுதான் கம்மியாயிடுச்சு" என்றார் அந்த மெக்கானிக். "முன்னாடி மட்டும் சொற்பொழிவு ஆத்திட்டிருந்தானா?" என்று கேட்டேன். "இல்லம்மா. ஆனா நடுவுல கொஞ்ச நாள் பேசினாரு" என்றார்.

அதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். ஆசிரியருக்கு நான் இன்னும் எழுதவில்லை. நீயும் எதுவும் செய்யாதே. பதில் போடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். புதிர் அக்காவுடையது, சின்ன வயதில் பார்த்தது, நினைவில்லாமல் அனுப்பிவிட்டேன், பரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். நீங்கள் ஆட்சேபம் எழுத வேண்டியதில்லை. அடுத்த இதழுக்கு என்னிடம் எதுவும் இல்லை என்றும் சேர்த்து எழுதிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் உங்கள் சிப்பாயை உங்கள் கட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல புதிர், அக்கா.

காய்களைப் பெட்டியில் போட்டுப் பலகையைப் பரண்மேல் வைத்துவிட்டேன். மேசை இப்போது பெரிதாக இருக்கிறது. காலையில் எழுந்தால் ஆபீஸ் காகிதத்தைப் பார்த்துத்தான் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன். அது ஒன்றும் சிரமமில்லை. காகிதத்தில் தெளிவாகத்தான் எழுதியிருப்பார்கள்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தம்பி


மே 27

தம்பிக்கு,

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் ஒரு குவளை குடித்துவிட்டுப் படி. இது கொஞ்சம் நீளம்.

"நல்ல புதிர், அக்கா" என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களில் இதுவரை ஒரு பொய்கூட நான் கண்டதில்லை. முதல் பொய்யை இத்தனை சிறிய கையெழுத்தில் எழுதினால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாயா?

அந்தச் சிப்பாய் என் கட்டத்தில் நின்றால் யானை வழியாக இன்னொரு விடை திறந்துகொள்கிறது. ஏப்ரல் கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய். அதாவது என்னுடையது உடைந்த புதிர். அச்சான நாள் முதல் உடைந்தே இருந்திருக்கிறது. தாள் குப்புற விழுந்த அன்றே நான் பலகையில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டுதான் "அது பொருட்டல்ல" என்று உனக்கு எழுதினேன். குறையில்லாத ஒன்றைச் செய்தவள் என்ற நினைப்பில் ஓர் ஆயுளை ஓட்டிவிட்டவளுக்கு, அதைக் கைவிட ஒரு மாதமாவது பிடிக்கும் என்று வைத்துக்கொள்.

நீயும் பார்த்தாய். ஓட்டை உன் கண்ணுக்குத் தப்பாது. ஒரே ஒரு வரி, "அக்கா, உங்களுடையது உடைந்திருக்கிறது, என்னுடையது உடையவில்லை" என்று எழுதியிருந்தால் பரிசு உன்னிடமே இருந்திருக்கும். எழுதவில்லை. பலகையைப் பரணில் போட்டுவிட்டு என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறாய். நீ எனக்கு இரக்கம் காட்டியிருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. இனிமேல் செய்யாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உடைந்த பழைய புதிர், உடையாத புதிய புதிரைத் தடுக்காது. இதுவும் விதிதான், உன் வசதிக்காக நான் இன்று உண்டாக்கியது அல்ல. நினைவு உனக்குக் கொடுத்தது என் புதிரை. அதில் ஏதோ சரியில்லை என்று கண்டு, மனம் வராமல் நாள் கடத்தி, கடைசியில் தள்ளி வைத்தது உன் விரல். நான் அதே கட்டத்தைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு எழுந்து போனவள். கற்பனை எங்கே இருக்கிறது என்று என் மாணவர்கள் எவரேனும் கேட்டிருந்தால் ராணி மூலைக்குப் போகும் நகர்வைக் காட்டியிருப்பேன். தவறாகக் காட்டியிருப்பேன். ராணி மூலைக்குப் போக வேண்டும் என்பது எவருக்கும் ஒரு நாள் தோன்றிவிடும். தோன்றியதை அதன் அழகுக்காக மன்னித்துவிடாமல் இருப்பதுதான் கடினம். நான் மன்னித்துவிட்டேன்.

ஆசிரியரிடம் நேரிலேயே போய் என் அறிக்கையைக் கொடுத்தேன். முழங்காலோடு மூன்று மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் வேலை செய்யவில்லை. உன் துறையில் சொல்லிவை. படித்துவிட்டு அவர் நெளிந்தார்.

"அம்மா, நடுவரோட புதிரே உடைஞ்சதுன்னு அச்சுல போட்டா உங்க பேரு என்னாகும்?"

"போனா போகுது, போடுங்க. அதுல இருந்தது ஓட்டைதானே."

"கொஞ்சம் மென்மையா மாத்தி எழுதலாமா? 'சிறிய கவனக்குறைவு'ன்னு…"

"எதுக்கு? சிப்பாய் சின்னதுங்கறதுக்காகவா? ஒரு எழுத்து மாத்தினாலும் நான் நடுவரா இருக்க மாட்டேன்."

"இருக்க மாட்டேன்னு இப்பவே அடியில எழுதியிருக்கீங்களேம்மா."

"அப்ப மிரட்ட எனக்கு வேற வழியில்ல. தயவு பண்ணி அப்படியே போடுங்க."

போடுகிறார். உன் விலகல் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி வந்துவிட்டேன். அதில் "அக்காவுடையது" என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையல்ல, உண்மையல்லாத ஒன்றைக் கோப்பில் வைக்க அந்த இதழுக்கு உரிமை இல்லை.

இதையெல்லாம் உனக்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டு நன்றி எழுதிவிடாதே. படித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். பரணில் ஏறும்போது நாற்காலியை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நலம். உங்கள் முழங்கால் மூன்று மாடி ஏறியதில் மோசமாகிவிட்டதா என்று எழுதவும். அந்தக் கட்டடம் என் பகுதி இல்லை. ஆனாலும் சம்பந்தப்பட்டவரிடம் சொன்னேன். மோட்டார் எரிந்திருக்கிறது. மாற்றுவார்கள்.

இதழ் வந்தது. அட்டையில் புதிரும், கீழே என் பெயரும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உங்கள் பெயரில் முன்பு வந்த புதிர் பற்றிய குறிப்பும் இருக்கின்றன. உங்கள் அறிக்கையை உள்ளே முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். படித்தேன். மெக்கானிக்கும் வாங்கிப் படித்தார். "உங்க அக்கா ரொம்பக் கறார் சார்" என்றார். ஆமாம் என்றேன்.

நன்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். எழுதவில்லை.

பரிசு எனக்கே நிலைத்துவிட்டது. சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. சான்றிதழை மேசைமேல் வைத்தேன். அவள் இருந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள். அவள் இறந்துவிட்டதால் மேசைமேல் இருக்கிறது. இந்த வார்த்தையை இதற்கு முன் நான் எழுதியதில்லை. எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேசை அப்படியே இருந்தது.

பலகையை இறக்கினேன். நாற்காலியை யாரும் பிடிக்கவில்லை. விழவில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வேலை நேரத்தில் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. வெள்ளை யானை ஒரே நேர்வரிசையில் நிற்கிறது. கறுப்பு என்ன செய்தாலும், அந்தந்த நகர்வுக்கு ஏற்ற கட்டத்தில் யானை போய் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் ராஜா வீழ வேண்டும். எட்டுக் கட்டத்தில் யானை நிற்கும் கட்டம் போக ஏழு. ஏழிலும் நிற்கவைக்கப் பார்த்தேன். ஐந்தில்தான் முடிந்திருக்கிறது. புதிர் உடைந்திருக்கிறது. இரண்டு விடை இருக்கிறது. இரண்டாவதை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

பார்த்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

முழங்கால் மோசமாகத்தான் ஆயிற்று. முழங்காலுக்கு என்றைக்குமே நல்ல காரியம் பிடித்ததில்லை. உன் உடம்பைப் பற்றி இந்த முறை நான் விசாரிக்கப் போவதில்லை. நாற்காலியிலிருந்து விழாதவன் நலமாகத்தான் இருக்க வேண்டும்.

அவளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

தாளைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். அழகு என்று சொல்லமாட்டேன். யானைக்கு முட்டுக்கொடுக்கச் சிப்பாய்களை டிக்கெட் வரிசைபோல நெருக்கி நிறுத்தியிருக்கிறாய். குதிரை ஒன்று ஓரத்தில் வேலையில்லாமல் நிற்கிறது. எதற்கு வந்தோம் என்று அதற்கே தெரியாது. ஐந்து கட்டத்தில் நிறுத்திவிட்டேன் என்கிறாய்; எண்ணிப் பார், நான்குதான். இரண்டு விடை என்கிறாய். மூன்று இருக்கிறது. மூன்றாவதை நான் சொல்லப் போவதில்லை.

ஏறி இறங்கும் யானை எனக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் இத்தனை அவலட்சணமான ஒன்றை அடுத்தவர் கண்ணில் படும்படி விட்டிருக்க மாட்டேன். ஆகவே இது யாருடையது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த மூன்றாவது விடையைக் கண்டுபிடித்ததும் எழுது. கண்டுபிடிக்காவிட்டாலும் எழுது.

அக்கா